மாட்சாவும் இரும்புச்சத்து மாத்திரையும்

மாட்சா குடிச்சா உடம்புக்கு நல்லதா டாக்டர்?

பொம்மிடியில் என் கிளினிக்கில் ரெண்டு மாசத்துல நாலு பேர் இதைக் கேட்டுட்டாங்க. சேலத்துக்கு ரயிலில் போய் காலேஜ் படிக்கிற பொண்ணுங்க ரெண்டு பேர், பெங்களூரில் வேலை பார்த்துட்டு லீவுக்கு வந்த ஒரு தம்பி, அப்புறம் என் தோழி. மத்த மூணு பேருக்கும் ரெண்டு வரியில் பதில் சொல்லிட்டேன். தோழி விஷயத்துல அப்படி முடியல. அவள் சம்மதத்தோடுதான் எழுதறேன். பேரு மட்டும் வேண்டாம்னா.

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாம் வகுப்புல இருந்து ஒண்ணா படிச்சவங்க. இப்போ அவள் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர். வயசு 41. ஒரு வருஷமா ஜப்பான் சமையல் வீடியோ பைத்தியம். ராமென், மாட்சா டிராமிசு, மாட்சா சீஸ்கேக்னு தினமும் ஏதாவது ஒண்ணு எனக்கு வாட்ஸ்அப்பில் வரும். "ஒரு நாள் சென்னைக்குப் போய் சாப்பிட்டுட்டு வரலாம் டீ, நாம ரெண்டு பேர் மட்டும்"னு ஆறு மாசமா பேச்சு. பிள்ளைங்க பரீட்சை, மாமியாருக்குக் கண் ஆபரேஷன், எனக்கு டெங்கு சீசன்னு தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் ஒரு சனிக்கிழமை ரயில் ஏறினோம். ஏறக்குறைய 300 கிலோமீட்டர்.

சென்னையில் ஜப்பான் சாப்பாடு புதுசு இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த ஜப்பான்காரங்க போய்ச் சாப்பிடற உணவகங்கள் பல வருஷமா இருக்கு. நாங்க போனது அந்த மாதிரி இடம் இல்லை. ரீல்ஸில் பார்த்த ஒரு கஃபே. சுவரெல்லாம் பிளாஸ்டிக் செர்ரிப் பூ.

ராமென் வந்தது. சூப் வெதுவெதுப்பா இருந்தது. நூடுல்ஸ் ஊறிப் பொதபொதன்னு. மேலே பாதியா வெட்டின முட்டை, அதுவும் ரொம்ப நேரம் வெந்து மஞ்சக்கருவைச் சுத்தி சாம்பல் வளையம். அவள் ஒரு வாய் குடிச்சுட்டு என் முகத்தைப் பார்த்தா.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு இல்ல?"

கொஞ்சம் இல்லை. வாயில வைக்க முடியல.

ராமென் மேல எனக்குக் கோபம் இல்லை. சீனாவுல இருந்து ஜப்பானுக்குப் போன கோதுமை நூடுல்ஸ் அது. 1910இல் டோக்கியோவின் அசகுசா பகுதியில் திறந்த ராய்ராய்க்கென் என்ற கடைதான் அதைப் பிரபலமாக்கியது என்பார்கள். உழைச்சுக் களைச்சவங்க வயிறு நிறையச் சாப்பிட்ட சாப்பாடு, நம்ம ஊர் களி மாதிரின்னு வெச்சுக்கோங்க. எலும்பை மணிக்கணக்கா கொதிக்க வெச்சு எடுக்கற சூப்பில்தான் அதன் உயிர் இருக்கு. அந்த வேலையைச் செய்யாம பொடியைக் கரைச்சு ஊத்தினா மிஞ்சறது உப்பு மட்டும்தான். 1958இல் மொமொஃபுகு ஆண்டோ உடனடி நூடுல்ஸ் கண்டுபிடிச்சாரே, அது வேற வகை, அதன் விலையும் வேற. அந்த ருசிக்கு 650 ரூபாய் பில் போட்டா வயிறு எரியத்தான் செய்யும்.

டாக்டரா ஒண்ணு சொல்லிடறேன். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். நல்ல கடையிலேயே ஒரு கிண்ணம் ராமெனை சூப்போட முழுசா குடிச்சா அந்த அளவைத் தாண்டறது சாதாரணம். பிபி, கிட்னி, இதயப் பிரச்சினை இருக்கிறவங்க ஆசைக்குச் சாப்பிடுங்க, ஆனா நூடுல்ஸையும் முட்டையையும் எடுத்துக்கிட்டு சூப்பைப் பாதிக்கு மேல கிண்ணத்துலயே விட்டுடுங்க. உப்பு பெரும்பாலும் அந்தச் சூப்பில்தான் இருக்கு.

அடுத்து மாட்சா கேக். கிளிப்பச்சை. அடுப்பில் வெந்த கேக் அந்த நிறத்தில் இருந்தா எனக்கு உடனே சந்தேகம் வரும். ஏன்னா சூடு பட்டா மாட்சாவின் பச்சை மங்கிப் பாசி நிறத்துக்குப் போகும். அசல் மாட்சாவுக்குப் பின்னாடி நிறைய வேலை இருக்கு. பறிக்கறதுக்கு முன்னாடி மூணு வாரம் போல செடியை நிழலில் வைப்பாங்க. அப்புறம் இலையை ஆவியில் வாட்டி, காய வெச்சு, காம்பும் நரம்பும் எடுத்து, கல்லில் அரைப்பாங்க. ஒரு கல் எந்திரம் ஒரு மணி நேரத்துக்கு அரைச்சுத் தள்ளறது ஏறக்குறைய 40 கிராம்தான். அப்புறம் அது எப்படி மலிவா கிடைக்கும்? எங்க தட்டில் இருந்ததில் சர்க்கரைதான் முதல் ருசி, கடைசி ருசியும் அதுதான்.

"இதுக்கா டீ விடியக்காலைல எழுந்து வந்தோம்?"ன்னா. குரல் கம்மிடுச்சு. சிரிச்சுச் சமாளிக்கப் பார்த்தா, முடியல. ஆறு மாசம் காத்திருந்த ஒரு நாள் இப்படிப் போச்சுன்னு அவளுக்கு. குடும்பத்துல எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்யற ஒருத்தி தனக்குன்னு கேட்ட ஒரே நாள். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்தது.

போட்டோ எடுத்தோம். வாயை மூடிக்கிட்டே சிரிச்சா. சின்ன வயசுல இருந்து அப்படித்தான். தருமபுரிக்காரங்களுக்கு ஏன்னு சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்குச் சொல்றேன்: எங்க மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகிற வயசுல, அதாவது ஏறக்குறைய எட்டு வயசு வரைக்கும், அந்தத் தண்ணியைக் குடிச்சா பல்லில் பழுப்புக் கறை ஏறிடும். எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. அவள் குடிச்சது போர் தண்ணி.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கினப்போ அவள் பல்லுக்குக் காலம் கடந்துடுச்சு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணி கொண்டு வந்த அந்தத் திட்டத்துக்குக் கடன் கொடுத்தது ஜப்பானின் ஜைக்கா நிறுவனம். ஜப்பான்னா அவளுக்கு ராமென் ஞாபகம் வரும், எனக்கு இந்தத் தண்ணிதான் ஞாபகம் வரும்.

"மாட்சா பல்லுக்கும் நல்லதாமே?"ன்னு கேட்டா. அதையும் ரீல்ஸில்தான் பார்த்திருக்கா. தேயிலைச் செடி மண்ணில் இருக்கிற ஃப்ளூரைடை இழுத்து இலையில் சேர்த்து வைக்கிற செடி. முத்தின இலையில் அதிகம், கொழுந்தில் குறைவு. மத்த டீயில் இலையை வடிகட்டிடறோம், மாட்சாவில் இலையையே முழுங்கறோம். ஒரு கப் குடிச்சா ஒண்ணும் ஆகாது. ஆனா வீட்டில் இன்னும் போர் தண்ணி குடிக்கிறவங்க, குறிப்பா சின்னப் பிள்ளைங்க, இதைச் சத்து பானம்னு தினமும் எடுக்க வேண்டாம்.

அடுத்து அவள் மாட்சா லாட்டே சொன்னா. அது வந்ததும் கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தா. சிவப்பு மாத்திரை. பார்த்த உடனே தெரிஞ்சுடுச்சு, இரும்புச்சத்து. அதை வாயில் போட்டு லாட்டேயைத் தூக்கினா. நான் கையைப் பிடிச்சுட்டேன்.

"எப்போ இருந்து டீ?"

பள்ளிக்கூடத்துல நடந்த முகாமில் ரத்தம் எடுத்திருக்காங்க. ஹீமோகுளோபின் 8.4. அவள் வயசுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. "உன்கிட்ட சொன்னா திட்டுவே"ன்னு மறைச்சுட்டா. மூணு மாசமா மாத்திரை போட்டும் படி ஏறினா மூச்சு வாங்குது. மூணு மாசமா அந்த மாத்திரையை எதோட போட்டிருக்கா தெரியுமா? ஆன்லைனில் வாங்கின மாட்சாவோட. அது ரத்தம் ஊற வைக்கும்னு யாரோ சொன்னாங்களாம்.

மக்களே, இந்த இடத்தை மட்டும் நல்லா படிங்க. டீ, கிரீன் டீ, மாட்சா மூணும் ஒரே செடி. அதில் இருக்கிற பாலிஃபீனால்கள் குடலில் இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும், ரத்தத்துக்குள்ள போக விடாது. கீரை, பருப்பு, கேழ்வரகில் இருந்து வர்ற இரும்புக்கு இது இன்னும் மோசம். கூடவே பால் சேர்த்தா அதில் இருக்கிற கால்சியமும் தன் பங்குக்குத் தடுக்கும். மாட்சா லாட்டேல ரெண்டுமே இருக்கு.

உடனே "களியே சாப்பிட்டுப் பழையபடி இருங்க"ன்னு சொல்லப் போறேன்னு நினைக்காதீங்க. கேழ்வரகில் கால்சியம் அருமையா இருக்கு. ஆனா அதில் இருக்கிற ஃபைட்டேட்டும் இரும்பைத் தடுக்கிற சமாச்சாரம்தான். களியோட டீ குடிக்கிற பழக்கமும் நம்ம வீடுகளில் உண்டு. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவங்கள்ல மாட்சாவைக் கண்ணால் பார்த்தவங்களே ரொம்பக் குறைவு. சாதா டீ போதும் இந்த வேலையைச் செய்ய.

என்ன செய்யணும்?

இரும்பு மாத்திரையை வெறும் வயித்துல, தண்ணியிலோ எலுமிச்சை ஜூஸிலோ போடுங்க. வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்க உதவும். வயிறு குமட்டினா கொஞ்சம் சாப்பிட்டுட்டுப் போடலாம், நிறுத்திடாதீங்க. மலம் கறுப்பா போகும், பயம் வேண்டாம். டீயோ மாட்சாவோ எதுவா இருந்தாலும் மாத்திரைக்கும் அதுக்கும் ரெண்டு மணி நேர இடைவெளி. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம். கால்சியம் மாத்திரை போடறவங்க அதை வேற வேளைக்கு மாத்துங்க. ஹீமோகுளோபின் சரியான பிறகும் குறைஞ்சது மூணு மாசம் தொடரணும். உடம்பில் இருப்பு சேரணும் இல்லையா.

இன்னொண்ணு. மாத்திரையை ஒழுங்கா போட்டும் ஏறலைன்னா, ரத்தம் எங்கே போகுதுன்னு பார்க்கணும். திரும்பி வர்ற ரயிலில்தான் அதைக் கேட்டேன். ரெண்டு வருஷமா மாதவிடாய் எட்டு ஒன்பது நாள், கட்டி கட்டியா. "வயசானா அப்படித்தான்னு அக்கா சொன்னாங்க"ன்னா. 41 வயசில் அது அப்படித்தான்னு விட்டுடக் கூடாது. கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம். பார்க்காம சொல்ல முடியாது.

மாட்சா டப்பாவைத் தூக்கிப் போடட்டுமான்னு கேட்டா. வேண்டாம்னேன், காசு கொடுத்து வாங்கினது. இப்போ மாத்திரை காலைல ஆறு மணிக்கு. மாட்சா சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அரை ஸ்பூன், சர்க்கரை இல்லாம. நல்லா கலக்கினா அந்த கஃபேவில் கொடுத்ததை விட அவள் போடறதுதான் நல்லா இருக்கு.

ஸ்கேன் வர்ற புதன்கிழமை, தருமபுரியில். லீவு போட்டிருக்கா. கூட நான் போறேன்.