டாங்கில் கொஞ்சம் இடம் விடுங்கள்

போன ஜனவரியில் ஒரு காலை, நான் வேலை பழகும் கராஜின் தரையில் 20 லிட்டர் ஹைட்ராலிக் எண்ணெயைக் கொட்டிவிட்டேன். மிகக் கவனமாக வேலை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே கொட்டினேன். அதுதான் கூடுதல் வெட்கம்.

நான் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவன். சொந்தக்காரப் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழகம் போனார்கள். நான் கனரக வாகன மெக்கானிக் வேலை பழகப் போனேன். அம்மா நாலு நாள் கவலைப்பட்டார். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. அந்த மௌனத்தை ஏமாற்றம் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று வந்தது ஒரு டிப்பர் லொறி. பெட்டியைத் தூக்கி, கீழே தாங்கியை முட்டுக் கொடுத்து, கசிந்த குழாய் ஒன்றை மாற்றினேன். பிறகு எண்ணெய் டாங்கின் கண்ணாடியைப் பார்த்தேன். பாதிக்கும் கீழே இருந்தது. 20 லிட்டர் வாளி இரண்டை ஊற்றி, மேல்கோடு வரை நிரப்பினேன். தாங்கியை எடுத்துவிட்டுப் பெட்டியை இறக்கினேன். பாதி இறங்கியதும், டாங்கின் மேலே காற்றுப் போய்வரும் மூடியால் எண்ணெய் கொப்பளித்து வழிந்தது.

நடந்தது இதுதான். அந்தப் பெட்டியை முழுதாகத் தூக்க, சிலிண்டருக்குள் சுமார் 40 லிட்டர் எண்ணெய் போக வேண்டும். அது டாங்கிலிருந்துதான் போகிறது. பெட்டி இறங்கும்போது அவ்வளவும் டாங்குக்கே திரும்பி வரும். நான் 'குறைந்துவிட்டது' என்று நினைத்த எண்ணெய் எங்கும் போகவில்லை. மேலே பெட்டியைத் தாங்கிக்கொண்டு நின்றது. 100 லிட்டர் டாங்கில் 80 லிட்டரை நிரப்பிவிட்டு, இன்னும் 40 லிட்டரை வரச் சொன்னால் அது எங்கே போகும்?

மேற்பார்வையாளர் கத்தவில்லை. எண்ணெய் உறிஞ்சும் தூள் மூட்டையையும் ஒரு சவளையும் தந்தார். வடிகாலுக்குள் ஒரு துளிகூடப் போகக்கூடாது என்று மட்டும் சொன்னார். கூட்டி முடித்த பிறகு இன்னொரு கணக்கைச் சொல்லித்தந்தார். ஹைட்ராலிக் எண்ணெய் சூடானால் பெருக்கும். ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ 0.7 சதவீதம். வெளியே −20 பாகையில் நின்ற லொறி வேலை செய்து 60 பாகைக்கு வந்தால், 80 லிட்டர் எண்ணெய் நாலரை லிட்டர் கூடிவிடும். அதனால்தான் டாங்கின் மேலே வெறும் இடம் விடுகிறார்கள். அந்த இடமும் டாங்கின் வேலையில் ஒரு பகுதி.

அதற்காகக் குறைவாக விடவும் முடியாது. எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். எண்ணெய் நுரைக்கும், பம்ப் அலறும், கடைசியில் தேய்ந்து போகும். எனவே பெட்டி இறங்கியிருக்கும்போது, லொறியைச் சமதரையில் நிறுத்தி, அந்த இயந்திரத்தின் கையேடு சொல்லும் சூட்டில் அளவு பார்க்க வேண்டும்.

இரவு வீட்டுக்குப் போனேன். உடுப்பெல்லாம் எண்ணெய் மணம். வேலை போய்விடும் என்ற பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா என்ன நடந்தது என்று கேட்டார். எண்ணெய் வழிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

"ஊத்தேக்க பெட்டி தூக்கியிருந்ததோ, இறக்கியிருந்ததோ?" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். நான் லொறி என்றோ பெட்டி என்றோ சொல்லவே இல்லை.

"கிளிநொச்சியில ட்ரக்டருக்கு நானும் அப்பிடித்தான் ஊத்தினனான். பெட்டியைத் தூக்கி வச்சுக்கொண்டு எண்ணெய் பாத்தா அளவு பிழைக்கும். முதலாளி ரெண்டு நாள் கதைக்கேல்லை."

அப்பா ஊரில் ட்ரக்டர் திருத்தினார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இங்கே வந்து 20 வருடங்களுக்கு மேல் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறார். என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"ஏன் அப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீ எனக்காகத்தான் இந்த வேலைக்குப் போறாய் எண்டு நினைச்சிடுவியோ எண்டு பயந்தனான்," என்றார்.

பிறகு இருவரும் பத்து மணி வரை பம்ப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம்.

வேலை போகவில்லை. இப்போதெல்லாம் எண்ணெய்க் கண்ணாடியைப் பார்க்கும் முன் பெட்டியைப் பார்க்கிறேன். ஒன்று குறைவாகத் தெரிந்தால், அது உண்மையிலேயே இல்லையா, வேறு எங்கோ பாரம் தாங்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் கேட்கிறேன். உங்கள் வீட்டில் பேசாமல் இருப்பவரிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.