விசையும் ஓசையும்

விசைப்பலகை வாங்குபவர் பெரும்பாலும் விலையையும் தோற்றத்தையும் பார்க்கிறார். நாள்தோறும் பக்கக்கணக்கில் எழுதுபவர் பார்க்க வேண்டியது விசைகளுக்கு அடியில் இருக்கும் சுவிட்சை. அதைப் பார்ப்பதைவிடக் கேட்பதும் தொடுவதுமே முக்கியம்.

மலிவான பலகைகளில் விசைக்கு அடியில் ரப்பர் குமிழ் இருக்கிறது. அது ஏறக்குறைய முழுவதும் அமுங்கினால்தான் எழுத்து பதிவாகும். மெக்கானிக்கல் பலகையில் விசைக்கொரு சுவிட்சும் அதனுள் ஒரு சுருள்வில்லும் உண்டு. ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் சுவிட்சுகள் 4 மில்லிமீட்டர் அமுங்குபவை. சுமார் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். மிச்சமுள்ள தூரம் வீண் உழைப்பு. ‘எழுத்து விழுந்தது, போதும்’ என்று விரலுக்கு யார் சொல்வது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

இவற்றை நிறத்தால் அழைப்பது வழக்கம். தமிழ் கற்பிக்கும் நாம் இனத்தால் அழைத்துக்கொள்கிறோம். நீலம் வல்லினம்: பாதிவழியில் ஒரு தடை, கூடவே ‘டிக்’ என்றொரு சொடுக்கு. சிவப்பு மெல்லினம்: தடையுமில்லை, சொடுக்குமில்லை, ஏறக்குறைய 45 கிராம் எடைக்கு இணையான அழுத்தம் போதும். பழுப்பு இடையினம்: சொடுக்கு இல்லை, ஆனால் விரலுக்கு மட்டும் தெரியும் சிறு மேடு உண்டு.

நமக்குப் பிடித்தது வல்லினமே. நாம் தட்டச்சு செய்வது தமிழ்99 முறையில். அதில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்வரிசை வலக்கையிலும் அமைந்துள்ளன. ‘அம்மா’ என்பதற்கு இடக்கையில் ஒன்று, வலக்கையில் இரண்டு, மீண்டும் இடக்கையில் ஒன்று. மகரத்தை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். நீலத்தில் அந்த இரட்டிப்பு காதுக்குத் துல்லியமாகக் கேட்கும். ஒற்று விடுபட்டால் கண்ணுக்கு முன்பே செவி கண்டுபிடித்துவிடும்.

ஆனால் நாம் எழுதுவது இரவு பத்து மணிக்கு மேல். வீட்டிலோ இரண்டே அறைகள். ஒருநாள் காலை காப்பியைக் கொடுத்துக்கொண்டே துணைவியார் கேட்டார்: “நேத்து ராத்திரி நிறைய அழிச்சீங்க போலிருக்கே?” அழிக்கும் விசை அகலமானது, அதன் ஓசையும் தனி. தட்டித் தட்டி அழிப்பது நம் பழக்கம். அவர் புகார் சொல்லவில்லை. எனினும் நம் தயக்கங்களையெல்லாம் சுவருக்கு அப்பால் ஒருவர் தூங்காமல் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஓசையடக்கிய சிவப்பை ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தோம். தண்டு மோதும் இடங்களில் மெத்தை வைத்திருப்பதால் அது ஏறத்தாழ ஊமை. ஆனால் பாதிவழியில் அறிவிப்பு ஏதுமின்மையால் நம் விரல்கள் ஒவ்வொரு முறையும் அடிவரை போய் மோதின. ஒரு மணி நேரத்தில் கணுக்கள் வலித்தன. இறுதியில் பழுப்பை எடுத்தோம். மேசையின் அதிர்வு அடங்க அடியில் மடித்த துண்டொன்றையும் விரித்தோம். மேட்டைத் தாண்டியதும் விரலை எடுக்கப் பழகினால் தரையில் மோதும் ஓசையும் குறைகிறது.

கடையில் ஒரு விசையை அமுக்கிப் பார்த்து முடிவு செய்யலாகாது. தம் சொந்த எழுத்தில் ஒரு பக்கமேனும் அடித்துப் பார்க்க வேண்டும். அதனோடு, அடுத்த அறையில் உறங்குபவர் யார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

செவிக்கிருந்த இன்பம் போனது உண்மையே. அழித்த வரிகளின் எண்ணிக்கை இப்போது நம்மோடு நின்றுவிடுகிறது.