காத்திருக்கும் கம்ப்யூட்டர்கள்

ஆபீசில் என்ன வேலை என்று கேட்ட அம்மாவிடம், "கம்ப்யூட்டர்களுக்கு வாட்ச்மேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்றால் அவருக்குப் புரியாது. யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை அந்த ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஓடாத அன்று எல்லோரும் தேடுவார்கள்.

1990-களின் கடைசியில் பெங்களூரில் சிப் வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். சோலாரிஸ் ஓடும் சன் மெஷின்கள்தான் அதிகம். கூடவே கொஞ்சம் எச்.பி. மெஷின்கள். பிறகு விலை மலிவு என்று லினக்ஸ் போட்ட பி.சி.க்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மூன்றும் ஒரே குடும்பம் மாதிரிதான். ஆனால் பங்காளிகளைப் போல ஒரே காரியத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் செய்யும்.

எஞ்சினீயர் எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் அவருடைய ஃபைல்கள் அங்கே இருக்க வேண்டும். அதற்கு உதவுவது சன் நிறுவனம் 1984-ல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். எங்கோ ஒரு சர்வரில் இருக்கும் டிஸ்க்கை, நம் மெஷினிலேயே இருப்பது போலக் காட்டும். இப்படிச் சேர்ப்பதை ‘மவுண்ட்’ செய்வது என்போம்.

ஆரம்பத்தில் எந்தெந்த டிஸ்க் வேண்டும் என்று ஒவ்வொரு மெஷினிலும் எழுதி வைத்திருந்தோம். மெஷின் பூட் ஆகும்போதே அத்தனையையும் மவுண்ட் செய்துவிடும். இரண்டு சர்வர்கள் ஒன்றின் டிஸ்க்கை மற்றொன்று பயன்படுத்தின. கரண்ட் போய், யு.பி.எஸ்.சும் கைவிட்ட நாளில்தான் வினை. கரண்ட் வந்ததும் இரண்டும் ஒரே நேரத்தில் எழும். அது வரட்டும் என்று இது நிற்கும்; இது வரட்டும் என்று அது நிற்கும். வாசற்படியில் "நீங்க முதல்ல போங்க" என்று நிற்கும் சம்பந்திகள் மாதிரி. நான் போய் ஒன்றைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும்.

இதற்கு வந்த மருந்து ஆட்டோமவுண்டர். பூட் ஆகும்போது எதையும் மவுண்ட் செய்யாது. யாராவது அந்த டைரக்டரிக்குள் போனால் அந்த நொடியில் மவுண்ட் செய்யும். சோலாரிஸில் சாதாரணமாக 10 நிமிடம் யாரும் தொடவில்லை என்றால் தானே கழற்றிவிடும். எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலுக்கு ‘மேப்’ என்று பெயர். அதை என்.ஐ.எஸ். சர்வரில் ஒரே இடத்தில் வைத்தோம். டிஸ்க் நிரம்பி ஒருவருடைய ஃபைல்களை வேறு சர்வருக்கு நகர்த்தினால், பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் போதும். பழைய விலாசத்துக்கு வந்த கடிதத்தைப் போஸ்ட்மேன் புது வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது போல.

லினக்ஸ் பி.சி.க்கள் வந்ததும் தகராறு ஆரம்பித்தது. பெரிய வித்தியாசங்கள் படுத்தவில்லை, சின்னவைதான் படுத்தின. தலைமை மேப்பின் பெயரில் ‘ஆட்டோ’வுக்கும் ‘மாஸ்டரு’க்கும் நடுவே சோலாரிஸில் அடிக்கோடு, லினக்ஸில் புள்ளி! ஒரே மூலத்திலிருந்து இரண்டு பெயரிலும் மேப் தயாராகும்படி செய்துவைத்தேன். சோலாரிஸில் ‘ஹோம்’ டைரக்டரி ஆட்டோமவுண்டரின் சொத்து. லினக்ஸில் அது சாதாரண லோக்கல் டைரக்டரி. அதன் மேல் ஆட்டோமவுண்டர் உட்கார்ந்தால் கீழே இருப்பது மறைந்துவிடும்.

புதிதாகச் சேர்ந்த கோயம்புத்தூர்ப் பையன் ஒருநாள் ஓடி வந்தான். "சார், ஹோம்ல ஒண்ணுமே இல்ல சார்! எல்லாம் போயிடுச்சு!"

"உன் பேரைப் போட்டு உள்ள போய்ப் பாருப்பா" என்றேன். போனான். எல்லாம் இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வரும்; சும்மா எட்டிப் பார்த்தால் காலியாகத் தெரியும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ‘ஹார்ட்’, ‘சாஃப்ட்’ விவகாரம் அப்படி அல்ல. ஹார்டாக மவுண்ட் செய்தால், சர்வர் படுத்துவிட்டாலும் அது திரும்பி வரும்வரை புரோகிராம் காத்திருக்கும். திரையில் ‘சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்’ என்ற பொருளில் ஒரு வரி வரும். சாஃப்டாகச் செய்தால் சில முறை முயன்றுவிட்டு, புரோகிராமிடம் ‘தவறு’ என்று சொல்லிக் கைவிட்டுவிடும். ஆளாளுக்கு மெஷின் தொங்குகிறதே என்று ஒரு குழுவினர் தங்கள் லினக்ஸ் மெஷின்களில் சாஃப்ட் போட்டுக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை.

ஒரு ராத்திரி நெட்வொர்க் ஸ்விட்ச் கொஞ்ச நேரம் நின்றது. சோலாரிஸில் ஓடிய சிமுலேஷன்கள் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. லினக்ஸில் ஓடிய ஒன்று, எழுதும்போது வந்த தவறைக் கவனிக்காமல், ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டது. காலையில் ஃபைல் இருந்தது. உள்ளே பாதி இல்லை. அந்தப் பாதி முடிவை வைத்து மூன்று நாள் ஆராய்ந்தார்கள். அதை நம்பி டிசைனை ஃபேக்டரிக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

தொங்குகிற மெஷின் கோபத்தை வரவழைக்கும். ஆனால் அது பொய் சொல்வதில்லை. ஆட்டோமவுண்டர் இருப்பதால், ஒரு சர்வர் படுத்தால் அதைத் தொட்டவர்கள் மட்டுமே காத்திருப்பார்கள். மற்றவர்கள் வேலை நடக்கும். அதனால் ஹார்ட் போடத் துணிவும் வருகிறது. படிக்க மட்டும் பயன்படும் டைரக்டரிகளுக்கு வேண்டுமானால் சாஃப்ட் வைக்கலாம்.

இந்த வேலையில் இப்போது இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். "ரொம்பத் தொங்குது, சாஃப்ட் போட்டுடலாமா?" என்று யாராவது கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். அங்கே யாராவது எதையாவது எழுதுகிறார்களா என்று முதலில் கேளுங்கள்.