படக்குன்னு நின்னுச்சா, இருமி நின்னுச்சா?

பாம்பனில் பெரிய வல்லங்கள் டீசலில் ஓடுகின்றன. டீசல் இன்ஜினுக்குப் பொறி தரும் பிளக் கிடையாது. இறுக்கிய காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பொறியை நம்பிப் பிழைப்பவை சிறிய ஃபைபர் வத்தைகளின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டார்கள்தான். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் பழைய டூ-ஸ்ட்ரோக் வகை. அவற்றைப் பழுது பார்க்கும் ஒருவரின் கொட்டகைக்குப் போயிருந்தேன். 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தில் ரயில் போனால் சத்தம் கேட்கும் தூரம்.

ஒருவர் மோட்டாரைத் தோளில் சுமந்து வந்து மர ஸ்டாண்டில் மாட்டினார். "நேத்து தென்கடல்ல நின்னு போச்சுண்ணே. அரை மணி சும்மா கிடந்தோம். பெறகு தானா எடுத்துச்சு."

மெக்கானிக் ஸ்பானரைத் தொடவில்லை. "படக்குன்னு நின்னுச்சா, இருமி இருமி நின்னுச்சா?"

"படக்குன்னுதான்."

"அப்ப எண்ணெய் இல்ல. கரண்டு."

எண்ணெய் வராவிட்டால் மோட்டார் திணறும், வேகம் ஏறி இறங்கும், கடைசியில்தான் அடங்கும். பொறி அறுந்தால் சுவிட்சை அணைத்ததுபோல் ஒரே நொடியில் நின்றுவிடும். கடலில் வந்த பழுதைக் கரையில் கண்டுபிடிப்பதுதான் இவர் தொழிலின் கஷ்டமே. அதில் பாதியை மீட்டர் சொல்வதில்லை, நின்றபோது வத்தையில் இருந்தவர்தான் சொல்கிறார். என்ன கேட்பது என்று தெரிந்திருப்பதைவிடப் பெரிய கருவி அந்தக் கொட்டகையில் எதுவும் என் கண்ணில் படவில்லை.

அரை மணி கிடந்தோம் என்று வந்தவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். மோட்டார் நின்ற வத்தையைக் காற்றும் நீவாடு என்கிற நீரோட்டமும் இழுத்துக்கொண்டே போகும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் முப்பது கிலோமீட்டர்தான். 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றினார். கறுத்து, எண்ணெய் பிசுபிசுப்போடு இருந்தது. மண்ணெண்ணெயில் ஓடுவதற்கு அது இயல்பு. துடைத்து, 0.6 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, பிளக் உடம்பை சிலிண்டர் தலையில் எர்த்தாக ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுத்தார். நீலப் பொறி. வெளிக்காற்றில் வரும் பொறியை அவர் நம்புவதில்லை. சிலிண்டருக்குள் இறுகிய காற்றில் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக மின்னழுத்தம் வேண்டும். அதனால் ஆறேழு மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்தும் பார்த்தார். தாண்டியது. அடுத்து ஆஃப் சுவிட்சின் ஒயரைப் பிரித்துவிட்டார். அந்தச் சுவிட்ச் செய்வதெல்லாம் கரண்டை எர்த்துக்கு விடுவதுதான். உள்ளே உப்பு பூத்தால் யாரும் அமுக்காமலே அந்த வேலையைச் செய்துவிடும். இதில் அங்கும் கோளாறு இல்லை.

இந்த மோட்டாரில் பேட்டரி இல்லை. ஃபிளைவீலின் உட்புறம் காந்தங்கள். அவை சுற்றும்போது அடியிலுள்ள சார்ஜ் காயிலில் கரண்டு பிறக்கிறது. முன்பெல்லாம் அதே இடத்தில் பாயிண்டும் கண்டன்சரும் இருந்தன. பாயிண்ட் கருகினால் உப்புத்தாளால் தேய்த்து, கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்தால் வேலை முடிந்தது. பிறகு சி.டி.ஐ. பெட்டி வந்தது. காயில் தரும் கரண்டைச் சேர்த்து வைத்து, பல்சர் காயில் சைகை கொடுத்ததும் மொத்தமாக இக்னிஷன் காயிலுக்குள் கொட்டுகிற பெட்டி. தேய்மானம் இல்லை, உண்மைதான். ஆனால் ரெசின் ஊற்றி அடைத்த அதைத் திறக்க முடியாது, வேறொன்றை மாட்டிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பழுதானால் தூக்கிப் போடு என்ற ஏற்பாடு கடற்கரைக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சியில்லை. மெக்கானிக்குக்கு அந்த வருத்தமெல்லாம் கிடையாது. "பாயிண்டோட மாரடிச்சது போதும்" என்றார்.

மீட்டரில் சார்ஜ் காயிலைப் பார்த்தார். அளவு சரியாகவே இருந்தது. வந்தவர் முகம் விழுந்துவிட்டது. "இருங்க, இன்னும் சூடேறல" என்று மோட்டாரைத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்றி ஓடவிட்டார். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். புகை கொட்டகையை நிறைத்தது, பேச்சு எதுவும் காதில் விழவில்லை. நாங்கள் டீ குடித்து வெகுநேரம் கழித்து, படக்கென்று நின்றது.

மெக்கானிக் ஓடினார். ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். பிளக்கில் பொறி இல்லை. சார்ஜ் காயிலின் இரு முனைகளிலும் மீட்டர் வைத்தால் முள் அசையவே இல்லை. காயிலின் மெல்லிய செம்புக் கம்பி உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. ஆறியிருக்கும்போது முனைகள் தொட்டுக்கொள்கின்றன, சூட்டில் விரிந்து பிரிந்துவிடுகின்றன. நேற்று கடலில் அரை மணி கழித்துத் தானாக எடுத்ததும் அதனால்தான்.

புல்லர் மாட்டி ஃபிளைவீலைக் கழற்றினார். சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. காந்தமும் கெடும், சாஃப்ட் முனையும் நசுங்கும். உடைத்துப் போட்டிருந்த அதே மாடல் மோட்டாரிலிருந்து ஒரு காயிலை எடுத்து மாட்டி, மறுபடி டிரம்மில் ஓடவிட்டார். இந்த முறை அவரே நிறுத்தும்வரை ஓடியது.

"நாளைக்குத் தொழிலுக்குப் போகலாமாண்ணே?"

"போங்க. ஆனா கூட்டுக்கு ஒரு வத்தை இல்லாம கரைய விட்டு வெலங்க போகாதீங்க. பழைய காயில்தான் போட்டிருக்கேன். புதுசு வந்ததும் மாத்திருவோம்."