தலைமாட்டு நாற்காலி

பிளவு உதட்டு அறுவையில் எனக்கு அதிக நேரம் பிடிப்பது நீல மையால் புள்ளி வைப்பதுதான். உதட்டின் சிவப்பும் தோலும் கூடும் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும், எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் கண்ணில் அது பட்டுக்கொண்டே இருக்கும். மரப்பு ஊசி போட்டதும் உதடு உப்பி அளவு மாறிவிடும் என்பதால், புள்ளிகளை அதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். பிறகு, அமெரிக்கர் ரால்ஃப் மில்லார்ட் 1950களில் வகுத்த முறைப்படி பிளவின் ஒரு பக்கத்தைக் கீழ்நோக்கிச் சுழற்றி, மறுபக்கத்தை முன்னே இழுத்து நிரப்புகிறோம். வாயைச் சுற்றி ஓடும் தசையைச் சேர்க்காமல் தோலை மட்டும் தைத்தால் போட்டோவில் அழகாக இருக்கும். குழந்தை அழுதால் உதடு இரு பக்கமும் புடைத்துக்கொள்ளும்.

இலங்கையின் கிழக்குக் கரைக்குத் தொண்டூழியக் குழுவோடு போகும்போது முதல் நாள் கத்தி எடுப்பதில்லை. யாருக்குச் செய்வது என்று பார்ப்பதற்கே அந்த நாள் போய்விடும். உதட்டுக்குப் பத்து வார வயது, பத்து பவுண்டு எடை, பத்து கிராம் ஹீமோகுளோபின் என்பது பழைய விதி. மார்பில் சளி இருந்தால் மயக்கம் கொடுக்கையில் மூச்சுப்பாதை இறுகிவிடலாம். "விடியக்குள்ள வெளிக்கிட்டு வந்த நாங்க, டொக்டர்" என்று தாய் சொல்லும்போது மனம் தடுமாறத்தான் செய்யும். இருந்தாலும் முடியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

அண்ணப் பிளவு இன்னும் கடினம். தைத்த அன்றிரவே இரத்தம் கசியலாம். தையல் விட்டு ஓட்டை விழுந்தால் அது தெரிவது நாங்கள் விமானம் ஏறிய பிறகு. பேச்சுப் பயிற்சிக்கோ ஆண்டுக்கணக்கில் ஒருவர் அருகிலிருக்க வேண்டும்.

மலேசியாவில் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த எனக்கு, அருகில் ஆள் இருப்பதன் அருமை விளங்காமல் இருக்குமா? டாக்டர் குறித்த நாளில் காரில் வந்து போவார். நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் லயத்து ஆட்கள் ஓடியது தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸர் வீட்டுக்குத்தான்.

திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனைக்கு 1959இல் வந்து சேர்ந்த டாக்டர் ஹிர்ஜி அடென்வாலா அங்கேயே தங்கிவிட்டார். தம் ஆசிரியர் சார்ல்ஸ் பின்டோவின் பெயரில் பிளவுச் சிகிச்சைக்கென்றே ஒரு மையத்தை எழுப்பினார். 2020இல் அவர் மறைந்த பிறகும் அங்கே வேலை நிற்கவில்லை. நூறு பயணங்களைவிட அதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதனால் இப்போது இலங்கைக்குப் போகும்போது, அறுவை செய்பவருக்கான தலைமாட்டு நாற்காலியில் அந்தக் கரையோர ஊரின் இளம் மருத்துவரை உட்கார வைத்து, நான் பக்கத்தில் நிற்கிறேன். புள்ளிகளை அவரே வைக்கிறார். தசையைப் பிரிக்கும் இடத்தில் மட்டும் வாய் திறக்கிறேன். ஓர் உதட்டுக்கு இரட்டிப்பு நேரமாகிறது, நாளின் எண்ணிக்கை குறைகிறது. குறையட்டும். சளி என்று திருப்பி அனுப்பிய குழந்தைகளின் பெயரெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது. நாங்கள் ஈப்போ திரும்பிய பிறகு அவர்களைக் கூப்பிடப் போகிறவரும் அவர்தான்.