செயின் கவரில் இருந்த பெயர்

எங்கள் வீட்டில் தேய்ந்துபோன பல் பிரஷ் எதுவும் குப்பைக்குப் போகாது. எல்லாம் என் டப்பாவுக்கு வந்துவிடும். ஃப்ரீவீல் பல்லிடுக்கில் இறுகிக் கிடக்கும் முப்பது வருஷத்து அழுக்கை எடுக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. சமையலறையில் பழம்புளி குறைந்தாலும் என் மனைவி என்னைத்தான் முறைப்பாள். பித்தளை பெல் விளக்கப் புளியை எடுத்துப் போவது நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

எழுபத்தைந்து வயதில் இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பிடித்துவிட்டவர் என் அக்கா மகன். அக்காவைப் புதுச்சேரியில் ஒரு சொல்தா குடும்பத்தில் கொடுத்தோம். அவர்கள் பிரான்ஸ் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவள் மகன் இருப்பது கிரெனோபிள் நகரத்தில். அங்கே 1994-ல் தொடங்கிய ஒரு சைக்கிள் பட்டறை இருக்கிறது. அதன் பெயர் 'அன் ப்தி வெலோ தான் லா தெத்'. நேராகச் சொன்னால் 'தலைக்குள் ஒரு சின்ன சைக்கிள்'. பிரெஞ்சுக்காரர்கள் ஒருவனைக் கொஞ்சம் கிறுக்கு என்று சொல்ல இப்படித்தான் சொல்வார்கள். சந்தா கட்டி உறுப்பினரானால் போதும், பட்டறையின் ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் உங்களுக்கும் சொந்தம். வண்டியை யாரும் ரிப்பேர் செய்து தரமாட்டார்கள். பக்கத்தில் நின்று சொல்லித்தருவார்கள், நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். ஊரார் வேண்டாமென்று கொடுக்கும் வண்டிகளைப் பிரித்து, இரண்டு மூன்றைச் சேர்த்து ஒன்றாக்கி ஓடவிடுகிறார்கள். இப்படிப்பட்ட பட்டறைகள் பிரான்ஸ் முழுக்க இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்து அதற்கு 'லெரோ சிக்லாஜ்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். காதால் கேட்டால் 'மறுசுழற்சி' என்ற சொல் மாதிரி ஒலிக்கும், எழுத்தில் பார்த்தால் 'மகிழ்ச்சியான சைக்கிள் வேலை' என்று வரும். பிரவே வரை பிரெஞ்சு மீடியத்தில் படித்து, தினம் தினம் திக்தேயில் அடி வாங்கிய எனக்கு இந்தச் சிலேடையை ரசிக்கக் கிடைத்ததே, வாங்கிய அடிக்குக் கூலி.

வேலூரில் அந்த மாதிரி ஒன்று கிடையாது. ஆனால் சைதாப்பேட்டையில் எங்கள் பாய் கடை இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் தகரக் கொட்டகை. வாடகை சைக்கிள் மணிக்கு இத்தனை பைசா என்று ஓடிய காலத்தில் அந்தக் கொட்டகையில் வண்டிகள் வரிசையாக நிற்கும். இப்போது காலி. ஓய்வு பெற்ற நாங்கள் நாலு பேர் மாதம் ஆளுக்கு ஐந்நூறு போட்டு சாமான் வாங்கினோம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட ஆரம்பித்தோம். ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் விலையில்லா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பையன்கள் வருவார்கள். பஞ்சர் ஒட்டவும், ரிம்முக்குக் கோட்டம் எடுக்கவும் அவர்களுக்குச் சொல்லித்தருவோம். மற்ற நேரம் எங்கள் ஆசைக்குப் பழைய வண்டி தேடுவோம்.

தேட நல்ல இடம் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுதான். ஒரு காலத்தில் தோல் ஷாப்புக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் ரோடு முழுக்க சைக்கிளாகத்தான் இருக்கும். இப்போது ஷூ கம்பெனி பஸ் வந்து ஆட்களை ஏற்றிப் போகிறது. வண்டிகளோ கோழிக்கூண்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையில், மாடிப்படி அடியில் கிடக்கின்றன. ஹெர்குலிஸ் நிறையக் கிடைக்கும். 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி அம்பத்தூரில் செய்த வண்டி அது. பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் வண்டிகளும் அங்கேதான் வந்தன. அசன்சோலில் செய்த சென்-ராலே எப்போதாவது கண்ணில் படும். அசல் இங்கிலாந்து ராலே கிடைத்துவிட்டால் பாய் அன்றைக்கு எல்லோருக்கும் பிரியாணி வாங்கிவிடுவார்.

டயர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர் பெரிய சைக்கிளுக்கு 28 இன்ச், ஒன்றரை அகலம். பிரான்ஸில் இதே அளவுக்கு 700-பி என்று பெயர், அங்கே அது வழக்கொழிந்துவிட்டது. அக்கா மகன் பட்டறைக்கு அந்த அளவில் ஒரு பழைய வண்டி வந்து, டயர் இல்லாமல் மாசக்கணக்காகத் தொங்கியதாம். "மாமா, உங்க ஊர்ல பார்க்க முடியுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். லாங் பஜாரில் முதல் கடையிலேயே கிடைத்தது. பார்சல் செலவு டயர் விலையைவிடப் பல மடங்கு. இருந்தாலும் பிரான்ஸுக்கு வேலூர் டயர் அனுப்பினேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

இனிச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

போன வருஷம் ஆடி மாதம் ஆம்பூரில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு நானும் பாயும் போயிருந்தோம். தராசுத் தட்டில் ஒரு சைக்கிள் படுத்திருந்தது. பக்கத்தில் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் இருந்து கழற்றாமல் நின்றிருந்தாள். வண்டி முழுக்கப் பச்சை எனாமல் பெயிண்ட், அதுவும் கதவுக்குப் பூசுகிற பெயிண்ட். ஆனால் முன்பக்கம் ஹெர்குலிஸ் பட்டை அப்படியே இருந்தது. கம்பி பிரேக், தோல் சீட்டு, பித்தளை பெல் எதுவும் மாறவில்லை.

"யாரோட வண்டிம்மா?"

"எங்க அப்பாதுங்க. தோல் ஷாப்புல இருந்தாரு. போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்பா வண்டியை எடைக்குப் போடாதேம்மா. பின்னால வருத்தப்படுவே."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "ஐயா, ஒரு ரூம்பு வீடு. மழை வந்தா நாங்களே ஒண்டிக்கினு படுக்கறோம். இதை எங்க வெக்கிறது? வருத்தம் எனக்கு இல்லீங்களா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவளிடம் பேசியதாக நினைத்தேன், உண்மையில் என்னிடமே பேசிக்கொண்டிருந்தேன். என் அப்பா புதுச்சேரி த்ரிபுனாலில் கொமியாக இருந்தவர். அவரிடம் ஒரு ஹம்பர் சைக்கிள் இருந்தது. முன் ஃபோர்க்கு ஒவ்வொரு பக்கமும் ரெட்டைக் குழாயாக இருக்கும், ஹம்பருக்கே உள்ள அடையாளம். அதன் பாரில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்துத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவார். பின்னால் அந்த பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்ததும் அதில்தான். எனக்கு மத்திய அரசில் எல்.டி.சி. வேலை கிடைத்து வேலூர் வந்தபோது, வண்டியை லாரியில் போட்டு அனுப்பிவைத்தார். தான் நடந்துகொண்டார். 1982-ல் நான் டி.வி.எஸ். 50 வாங்கினேன். ஹம்பரை எண்பத்தைந்து ரூபாய்க்கு விற்றேன். மொபெட்டுக்குக் கட்ட வேண்டிய பணத்தில் அது ஒரு மூலைக்கும் காணாது, இடத்தை அடைக்கிறது என்று விற்றேன். அந்தப் பொங்கலுக்கு அப்பா வந்தார். சுவரில் ஹேண்டில் பார் உரசி உரசிக் கறுத்திருந்த இடத்தைப் பார்த்தார். "வண்டி?" என்றார். "வித்துட்டேம்பா" என்றேன். "சரி" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

அந்தப் பெண்ணிடம் ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். இரும்புக் கடைக்காரர் சொன்னது அறுநூறு. "முடிஞ்சதும் ஒரு தடவை வந்து பார்க்கலாங்களா?" என்று கேட்டு, பாயிடம் நம்பர் கொடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் அந்த வண்டியோடு கிடந்தேன். காட்டர் பின் இரண்டும் துருவேறி ஊறிப்போயிருந்தன. மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து ஒரு வாரம் விட்டு விட்டுத்தான் தட்டி எடுத்தோம். பெடல் அச்சுக் கிண்ணத்தைக் கழற்ற மூச்சைப் பிடித்துத் திருகினேன், அசையவில்லை. "சார், இன்னும் டைட்டு பண்றீங்க. செயின் பக்கம் ரிவர்ஸ் மரை" என்றார் பாய். இங்கிலீஷ் முறையில் வலப்பக்கக் கிண்ணத்துக்கு மரை இடதுபக்கம் போகும். பழைய பிரெஞ்சு வண்டியில் இரண்டு பக்கமும் ஒரே மரை, அதனால் வலப்பக்கம் ஓட ஓடத் தளர்ந்துவிடும் என்று அக்கா மகன் சொல்வான். நான் படித்தது பிரெஞ்சு அல்லவா, கையும் அப்படியே போயிருக்கிறது.

சீட்டுக்குத்தான் அதிகம் அலைந்தோம். பழைய தோல் வெயிலில் காய்ந்து அப்பளமாக நொறுங்கியது. ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம் என்பீர்கள். இப்போது பெரும்பாலும் குரோம் பதம். ஷூவுக்கு அது நல்லது, மெத்தென்று இருக்கும். சைக்கிள் சீட்டுக்குப் போட்டால் நாலே மாதத்தில் தொட்டிலாகத் தொய்ந்துவிடும். சீட்டுக்கு ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்திய கெட்டித் தோல் வேண்டும். நனைத்து அச்சில் இழுத்துக் காயவிட்டால் அந்த உருவத்திலேயே நிற்கும். நம் பக்கத்து ஷாப்புகள் ஒரு காலத்தில் சீமைக்குக் கப்பல் கப்பலாக அனுப்பியது அந்தப் பட்டைத் தோலைத்தான். 1970-களில் அரைப் பதத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு வைத்தது, எல்லோரும் குரோமுக்குத் திரும்பினார்கள். அதற்குப் பாலாறு கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும், 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரை போனது. பட்டைத் தோல் செய்யும் ஒரு சின்ன ஷாப்பைப் பேர்ணாம்பட்டில் பாய் கண்டுபிடித்தார். ஒரு சீட்டு அளவுக்குத் துண்டு வாங்கி, செம்பு ரிவிட்டு அடித்து இழுத்துக் கட்டினோம்.

கடைசியாகப் பெயிண்ட். அந்தப் பச்சை எனக்குப் பிடிக்கவில்லை. அடியில் அம்பத்தூரில் அடித்த கறுப்பு இருக்கிறது, மேலே யாரோ அசிங்கம் பண்ணியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். "இருக்கட்டுமே சார், கெட்டியாத்தான கீது" என்று பாய் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. செயின் கவரில் கிரீஸுக்கு அடியில் வெள்ளையில் ஏதோ எழுத்து தெரிந்தது. விற்ற கடையின் பெயராக இருக்கும் என்று உப்புத்தாளை வைத்துத் தேய்த்துவிட்டேன். வேலை பார்த்த காலம் முழுக்க ஃபைலில் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துக்கு வைத்தவன் நான். அந்த இரண்டு நிமிஷம் குனிந்து படிக்கவில்லை. கறுப்பு அடித்து, தங்கக் கோடு இழுத்து, நிழலில் காயவைத்தேன். கொட்டகைக்கு வந்தவர்கள் எல்லோரும் புது வண்டி என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமியாரை சி.எம்.சி.யில் காட்ட வந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தாள். கொட்டகையில் ஐந்தாறு வண்டிகள் நின்றன. அவள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். தன் அப்பா வண்டியையும் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனாள்.

"இதுதாம்மா" என்றேன்.

திரும்பி வந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. குனிந்து செயின் கவரைக் கையால் தடவினாள்.

"இதுல என் பேரு இருந்துச்சுங்களே. நான் ஒண்ணாங் கிளாஸ் போகச்சொல்ல அப்பா எழுதினது. ஷாப்பு கேட்டுக்கு அடிச்ச பெயிண்டு மிச்சம்னு கொண்டாந்து வண்டிக்கும் அடிச்சாரு. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான்தான் சிலேட்டுல எழுதிக் காமிச்சேன். அதைப் பார்த்துப் பார்த்து எழுதினாரு."

பாய் உள்ளே போய்விட்டார். நான் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லியிருப்பேன்.

பிரிப்பதற்கு முன் பாய் தன் போனில் எடுத்த படம் ஒன்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் கிரீஸுக்கு நடுவே இரண்டெழுத்து தெரிந்தது, ஒன்று சாய்ந்து, ஒன்று கொஞ்சம் பெரிதாக. லாங் பஜாரில் முன்பு போர்டு எழுதிய ஓவியர் ஒருவர் இருக்கிறார். ஃப்ளெக்ஸ் வந்தபின் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கொண்டு அதே மாதிரி எழுதிவிடுகிறேன் என்றேன்.

"வேணாங்கய்யா. அவரு அழகா எழுதிடுவாரு."

வண்டியை எடுத்துப் போம்மா, காசு வேண்டாம் என்றேன். தலையாட்டினாள். வைக்க இடம் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட்டாளே. கிளம்பும்போது சும்மா பெல்லை ஒரு தடவை அடித்தாள். நான் புளி போட்டு விளக்கிய பெல். நின்றுவிட்டாள். மறுபடி அடித்தாள்.

"இது மட்டும் மாறல. ஷாப்பு விட்டு வரச்சொல்ல தெரு முனையில அடிப்பாரு. அம்மா சோத்துப் பானையை இறக்குவாங்க."

பாய் ஸ்பேனர் எடுத்து வந்து பெல்லைக் கழற்றினார். செய்தித்தாளில் சுற்றப்போனார். வேண்டாமென்று அதை அப்படியே பைக்குள், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

இப்போது எங்கள் கொட்டகையில், யார் வண்டி வந்தாலும் முதலில் ஈரத் துணியால் துடைத்து, எழுத்து இருந்தால் படித்து, படம் எடுத்துவிட்டுத்தான் பிரிக்கிறோம். உப்புத்தாள் இருக்கும் டப்பாவைப் பாய் தன் கல்லாவுக்குள் வைத்துக்கொண்டு, கேட்டால்தான் தருகிறார். அதுவும் எனக்கு மட்டும் எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் தருவார்.

அந்த ஹெர்குலிஸை நான்தான் ஓட்டுகிறேன். டாக்டர் வேண்டாம் என்கிறார், மகன் போனில் கத்துகிறான். காலையில் மார்க்கெட் வரை போய்வருவேன். பெல் இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. லாங் பஜாரில் புது பெல் கிடைக்கும், மாட்டட்டுமா என்று பாய் இரண்டு தடவை கேட்டுவிட்டார். எதிரே ஆள் வந்தால் வாயால் "ஓரம், ஓரம்" என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.