ஆத்தூர்க்காரர் கோல்ஃப் பழக நினைத்தால்

ஆத்தூரில், வசிஷ்ட நதிக்கரையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. மரவள்ளிக் காடும் ஜவ்வரிசி ஆலையுமான ஊரில் அதை யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். பழக வேண்டுமென்றால் மேற்கே கோவை செட்டிபாளையம். கிழக்கே உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை நந்தனம். கொடைக்கானல் கிளப் 1895-இல் தொடங்கியது. ஊட்டியிலும் ஒன்று உண்டு. வெயில் தாங்காமல் வெள்ளைக்காரன் ஏறிய மலையில் எல்லாம் ஒன்று இருக்கும்போல. வெளியாளைச் சேர்ப்பார்களா, பயிற்சியாளர் என்றைக்கு இருப்பார் என்று போனில் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

*

ஆசை வந்ததும் கை முதலில் போவது மட்டை செட்டுக்குத்தான். விதிப்படி பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம். புதியவருக்கு எதற்கு அத்தனை? நடுத்தூரத்துக்கு ஒரு செவன் அயர்ன், குறுந்தூரத்துக்கு ஒரு வெட்ஜ், குழிக்குள் உருட்ட ஒரு பட்டர் போதும். பழசாக இருந்தாலும் பரவாயில்லை.

*

மம்பட்டிக்குப் பிடி போடும்போது ஆள் உயரம் பார்ப்பார்கள். தகடு எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்றும் பார்ப்பார்கள். கோல்ஃப் மட்டைக்குச் செய்யும் ‘ஃபிட்டிங்’கும் ஏறக்குறைய இதுதான். நேராக நிற்கவைத்து, தொங்கும் கையின் மணிக்கட்டிலிருந்து தரைவரை அளப்பார்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு மட்டைத் தலையின் சாய்கோணம் அளவுக்கு மீறி நிமிர்ந்திருந்தால் பந்து இடப்பக்கம் போகும், படுத்திருந்தால் வலப்பக்கம். குறை மட்டையில் இருக்க, ஆள் தன் தோளைத் திட்டிக்கொண்டிருப்பார். பிடியின் பருமனும் முக்கியம்: இடக்கையால் பிடித்தால் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும். இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம், காசு கேட்க மாட்டார்கள்.

தண்டின் விறைப்பு மட்டும் அவசரப்பட்டு முடிவுசெய்யக் கூடாதது. அது வீச்சின் வேகத்தைப் பொறுத்தது. முதல் மாத வீச்சு ஆறாம் மாதம் இருக்காது. அதனால்தான் பாடம் முதலில், முழு ஃபிட்டிங் பிறகு என்கிறேன். விற்பவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். அவர்கள் பிழைப்பு அப்படி.

*

அளவெடுத்த மட்டையா ஜெயித்தது என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. 1991-இல் இந்தியன் ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் பிறர் பையைத் தூக்கி வளர்ந்தவர். 2009-இல் வென்ற பெங்களூரு முனியப்பாவும் அப்படியே. 2016, 2017 இரண்டு ஆண்டும் வென்ற சௌராசியா, கொல்கத்தாவில் புல்தரை பராமரித்தவரின் மகன். பழகத் தொடங்கியபோது இவர்களுக்கு அளவு மட்டை இருந்திருக்காது என்பது சரி. ஆனால் நாள் முழுக்க நல்ல ஆட்டக்காரர்களை அருகில் நின்று பார்க்கக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் ஏறுகிற நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதைத்தான் பயிற்சியாளரிடம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

*

வீட்டில் செய்ய ஒன்று: குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். அதைவிடச் சின்ன டம்ளரைத் தரையில் சாய்த்து வைத்து, பட்டரால் பந்தை உருட்டிப் பழகுங்கள். மொட்டை மாடியில் செவன் அயர்னை வீசுவதானால் பிளாஸ்டிக் பந்து மட்டும். நிஜப் பந்து பக்கத்து வீட்டு ஓட்டைப் பார்த்துவிடும்.

*

செட்டுக்கென்று ஒதுக்கிய பணத்தில் பாதியைப் பாடத்துக்கு எடுத்து வையுங்கள். பயிற்சியாளரே “இனி அளவெடுக்கலாம்” என்று சொல்லும்வரை புது மட்டை வாங்காதீர்கள்.